எனலாப்ரில் இருமலுக்கும் குளிர் மேலதான் பழியா? ஏடிஆர் ரிப்போர்ட் பண்றது யார் வேலைங்க?

தூறல்_பார்ம்டி

வணக்கம் எல்லாருக்கும். நான் ஊட்டில பார்ம் டி (மருந்தியல் படிப்பு) அஞ்சாவது வருஷம், இப்ப ஒரு ஆஸ்பத்திரில வார்டு போஸ்டிங் (எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க ப்ளீஸ்). ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது, டாக்டர், நர்ஸ், ஸ்டூடண்ட்ஸ் இவங்களுக்கு மருந்தோட பாதகமான விளைவ (அதான் ஏடிஆர்) ரிப்போர்ட் பண்றத பத்தி எவ்ளோ தெரியும்ங்கறது. கேள்வித்தாள் குடுத்தா டக்கு டக்குனு டிக் அடிச்சு குடுத்துடறாங்க. ஏடிஆர்னா தெரியுமா, தெரியும். ரிப்போர்ட் பண்றது நம்ம கடமையா, ஆமா. கடைசி கேள்வி, இதுவரைக்கும் ஒண்ணாச்சும் ரிப்போர்ட் பண்ணிருக்கீங்களா, அங்க வந்து பேனா நின்னுடுது. ஒரு ஹவுஸ் சர்ஜன் அண்ணா சிரிச்சுக்கிட்டே "இத மட்டும் காலியா விட்டுக்கலாமா"ன்னு கேட்டார்.

சரி அது ப்ராஜெக்ட். எனக்கு உறுத்தறது வேற. போன வாரம் ஓபிக்கு ஒரு அம்மா வந்தாங்க, எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறவங்க, அம்பது வயசு தாண்டிருக்கும். மாசக்கணக்கா வறட்டு இருமல், ராத்திரி படுத்தா அதிகமாகுதாம், பக்கத்து லைன் வீட்டுக்காரங்க சுவத்த தட்டற அளவுக்கு. சளி டெஸ்ட் பண்ணியாச்சு, எக்ஸ்ரே எடுத்தாச்சு, ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல. கஃப் சிரப் மட்டும் நாலு பாட்டில் ஓடிருக்கு. டிஸ்பென்சரில "பனில நிக்கறீங்கல்ல, அதான்"னு சொல்லிருக்காங்க, வீட்ல "விறகு அடுப்பு புகை"ன்னு சொல்லிருக்காங்க, நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன், ஏன்னா நம்ம மலைல மழை ஆரம்பிச்சா அப்புறம் பனி முடியற வரைக்கும் இருமாத ஆளு யாரு சொல்லுங்க. அப்புறம் அவங்க மஞ்சப்பைய கொட்டி மாத்திரைய பாத்தா எனலாப்ரில். பிரஷருக்கு வீட்டுக்கே வந்து குடுக்கறாங்கல்ல அது. அத ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லதான் இருமல் வந்துருக்கு, நோண்டி நோண்டி கேட்டப்பறம்தான் அதுவும் வெளிய வந்துச்சு.

டாக்டர்கிட்ட சொன்னேன், அவர் நல்ல மனுஷன், உடனே மாத்திரைய மாத்தி எழுதிட்டார். ஆனா "ரிப்போர்ட் பண்ணலாமா சார்"னு கேட்டதுக்கு "ஏம்மா, எனலாப்ரில் இருமல் டெக்ஸ்ட்புக்லயே இருக்கு, இத போய் காசியாபாத்துக்கு (ரிப்போர்ட்டெல்லாம் போய் சேர்ற எடம்) எழுதி அவங்களுக்கு புதுசா என்ன தெரியப்போகுது"ன்னுட்டார். எனக்கு பதில் சொல்ல வரல.

அதனால இங்க கேக்கறேன். தெரிஞ்ச பக்கவிளைவையும் அனுப்பணுமா? ஸ்டூடண்ட் நான் அனுப்பலாமா? அனுப்பினா அந்த டாக்டருக்கோ, மாத்திரை கொண்டுபோய் குடுத்த அக்காவுக்கோ ஏதாச்சும் பிரச்சனை வருமா? வார்டுல இருக்கறவங்க உண்மையா சொல்லுங்க, ஏன் யாரும் பண்றதில்ல? கேள்வித்தாள்ல எழுதற பதில் எனக்கு வேணாம், அது என்கிட்ட நெறைய இருக்கு.

குன்னூர்_சிஸ்டர்

கண்ணு, நீ உண்மைய கேட்டதால உண்மையவே சொல்றேன். நான் சர்வீஸ்ல 23 வருஷம். ஒரு ஃபார்ம் கூட ரொப்பினதில்ல. உன் கேள்வித்தாள் என்கிட்ட வந்துருந்தா நானும் கடமைன்னு டிக் அடிச்சுருப்பேன்.

ஒரு தடவ நைட் டூட்டி, சிஃப்ட்ரியாக்ஸோன்னு ஒரு ஆன்டிபயாட்டிக் ஐவி போட்டு கொஞ்ச நேரம்தான், அந்தாளு முகமெல்லாம் வீங்கி உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுட்டாரு, அட்ரினலின் குடுத்து டாக்டர எழுப்பி ஆக்சிஜன் வச்சு விடியறதுக்குள்ள நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், ஆளு பொழச்சுக்கிட்டாரு. நான் என்ன பண்ணேன், கேஸ் ஷீட் மேல சிகப்பு மைல பெருசா மருந்து பேர எழுதி அலர்ஜின்னு போட்டு ரெண்டு கோடு அடிச்சேன். ஹேண்ட் ஓவர்ல மூணு ஷிஃப்டுக்கும் சொன்னேன். என் வேலைய நான் சுத்தமா பண்ணிட்டேன்னு நெனச்சேன். அவரு டிஸ்சார்ஜ் ஆனாரு, கேஸ் ஷீட் ரெக்கார்டு ரூமுக்கு போச்சு, என் சிகப்பு மையும் அதோட போச்சு. நாளைக்கு அவரு கோயமுத்தூர்ல வேற ஆஸ்பத்திரில படுத்தா அங்க யாருக்கு தெரியும்? ஒரு துண்டு சீட்டுல எழுதி சட்டப்பைல வைங்கன்னு குடுக்கணும்ங்கறதே எனக்கு பின்னாடிதான் தோணுச்சு, இப்ப எல்லாருக்கும் குடுக்கறேன்.

ஏன் அனுப்பலன்னா, காலைல ரவுண்ட்ஸ்ல மொத கேள்வி என்ன தெரியுமா, "டெஸ்ட் டோஸ் போட்டீங்களா சிஸ்டர்?" ரெண்டாவது கேள்வி "எவ்ளோ ஸ்பீடா தள்ளுனீங்க?" மருந்து என்ன பண்ணுச்சுன்னு யாரும் கேக்கல, நான் என்ன பண்ணேன்னுதான் கேட்டாங்க. அப்படி கேட்டா அடுத்த தடவ எவ எழுதுவா? அதோட அந்த ஃபார்ம் எங்க இருக்குன்னு கேட்டா ஆபீஸ் பீரோல இருக்காம், சாவி வச்சிருக்கறவங்க காலைல பத்து மணிக்கு வருவாங்க.

ஆனா ஒண்ணு பாரு, இதே நான் தடுப்பூசி போடற எடத்துல இருந்தப்ப ஒரு கொழந்தைக்கு ஊசிக்கப்பறம் வலிப்புன்னு வந்தா அடுத்த நிமிஷம் மேல போன் போயிடும், ஃபார்ம் போயிடும், யாரும் பயப்பட மாட்டாங்க. ஏன்னா அதுக்கு கேக்க ஆளு இருக்கு, மாசாமாசம் மீட்டிங்ல "இந்த மாசம் எத்தன"ன்னு கேப்பாங்க, ஒண்ணுமே இல்லன்னாலும் இல்லன்னு எழுதி குடுக்கணும். மாத்திரைக்கு ஊசிக்கு அப்படி யாராவது கேட்டுருக்காங்களா? எங்களுக்கு தெரியலங்கறது இல்ல கண்ணு. எங்கள யாரும் கேக்கல.

மருந்தியல்_வாத்தியார்

சிஸ்டர் சொன்னதுக்கு மேல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, ஆனாலும் வாத்தியார் வாய் சும்மா இருக்காது. நான் ஒரு காலேஜ்ல பார்மகாலஜி எடுத்தவன், இந்த ஏடிஆர் ஃபார்மெல்லாம் வாங்கற கண்காணிப்பு சென்டர் வேலையும் கொஞ்ச வருஷம் பாத்தேன், இப்ப ரிட்டயர்டு, கொடைக்கானல் பக்கம் இருக்கேன், இங்கயும் அதே இருமல்தான்.

தூறல், உன் டாக்டர் கேட்டது நியாயமான கேள்வி மாதிரி தெரியும், ஆனா அங்கதான் எல்லாரும் வழுக்கறாங்க. ஃபார்ம்லயே சொல்லிருக்கு, தெரிஞ்சதா தெரியாததா, பெருசா சின்னதா, அடிக்கடி வர்றதா அபூர்வமா, சந்தேகம் இருந்தா எல்லாத்தையும் அனுப்பு. ஏன்? எனலாப்ரில் இருமல் 100க்கு அஞ்சு பேருக்கு வரும், இருபது பேருக்கு வரும்னு புத்தகத்துல பரந்துவிரிஞ்சு போட்டுருப்பான், பொம்பளைங்களுக்கு அதிகம்னும் போட்டுருப்பான். அதெல்லாம் எந்த ஊர் ஆளுங்கள வச்சு எழுதினது? 6000 அடி, 7000 அடி உசரத்துல, புகை அடுப்பு முன்னாடி, மழைல நனைஞ்சுக்கிட்டே வேலை பாக்கற ஒரு கூட்டத்துக்கு வீடு தேடி இந்த மாத்திரை போறப்ப என்ன ஆகுதுன்னு நாம அனுப்பினாத்தான் தெரியும். உன் அம்மாவுக்கு நாலு பாட்டில் சிரப்பும் ஒரு எக்ஸ்ரேவும் வீணா போயிருக்கு பாரு, அந்தக் கணக்கு எந்த டெக்ஸ்ட்புக்லயும் இல்ல.

என்ன நடக்குதுன்னும் தெரிஞ்சுக்கோ, கேள்வி கேட்டா சொல்லலாம். அந்த மாத்திரை ஏசிங்கற என்சைம தடுக்கும், அதே என்சைம்தான் பிராடிகைனின்ங்கற ஒண்ண ஒடைக்கிற வேலையும் பாக்குது, அது ஒடையாம சேந்துக்கிட்டு மூச்சுக்குழாய அரிக்கும். அதனாலதான் எந்த சிரப்பும் வேலை செய்யாது. நிறுத்தினா ஒண்ணுல இருந்து நாலு வாரத்துல அடங்கும், சிலருக்கு மாசக்கணக்குல இழுக்கும். அதுக்காக இத படிக்கிறவங்க யாரும் வீட்ல தானா பிரஷர் மாத்திரைய நிறுத்தி வச்சுடாதீங்க சாமி, டாக்டர்கிட்ட போய் மாத்தி வாங்குங்க.

யாரு அனுப்பலாம்னா டாக்டர், பல் டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் எல்லாரும். ஸ்டூடண்ட் நீ வார்டுல பாக்கறத உன் ப்ரிசெப்டரோட (வார்டுல சொல்லித்தர்றவங்க) சேந்து ரொப்பு, அதான் சுலபம். பேஷண்ட் தானே அனுப்பவும் தனி ஃபார்ம் இருக்கு, தமிழ்லயே இருக்கு. எழுத முடியாதவங்க 1800 180 3024க்கு போன் பண்ணலாம், காசு இல்ல, வேலை நாள்ல காலைல 9 மணில இருந்து சாயங்காலம் 5.30 வரைக்கும். செல்போன்ல ஆப்பும் இருக்கு. ஃபார்ம்ல பேஷண்ட் பேரு கூட வேணாம், இனிஷியல் போதும். ஒரு பேஷண்ட், ஒரு மருந்து, ஒரு விளைவு, அனுப்பறது யாரு, இந்த நாலும் இருந்தா அது ரிப்போர்ட். மருந்தாலதான் வந்துச்சுன்னு நீ நிரூபிக்க வேணாம், அது சென்டர்காரன் வேலை, அவன் நரஞ்ஜோ ஸ்கேல் மாதிரி கேள்விப் பட்டியல வச்சுக்கிட்டு உக்காந்து மார்க் போடுவான். உன் வேலை சந்தேகப்படறது மட்டும்தான். ரிப்போர்ட் பண்ணா நான் தப்பு பண்ணேன்னு ஒத்துக்கிட்டதா ஆகாது, சட்ட சிக்கல் கெடையாது, இதுவும் ஃபார்ம் பின்பக்கம் அச்சுலயே இருக்கு. யாரும் பின்பக்கம் திருப்பறதில்ல.

அனுப்பி என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. மாதவிடாய் வலிக்கு பொண்ணுங்க சாக்லேட் மாதிரி வாங்கி முழுங்கற மெஃபினமிக் ஆசிட், அதுக்கு 2023 நவம்பர் 30 அன்னைக்கு காசியாபாத் பார்மகோபியா கமிஷன் ஒரு எச்சரிக்கை விட்டாங்க, ட்ரெஸ்ஸுன்னு ஒரு கடுமையான ரியாக்‌ஷன், காய்ச்சல், தடிப்பு, நெறி கட்டறது, உள்ளுறுப்பு பாதிப்புன்னு போகும், மாத்திரை ஆரம்பிச்சு வாரக்கணக்குல கழிச்சு கூட வரும், அதனால யாரும் முடிச்சு போட்டு பாக்க மாட்டாங்க. அந்த எச்சரிக்கை எதுல இருந்து வந்துச்சு? இங்க நம்ம நாட்டுல எவனோ ஒரு டாக்டர், எவளோ ஒரு சிஸ்டர் ரொப்பி அனுப்பின ஃபார்ம்ல இருந்து.

பழைய கதை வேணும்னா தாலிடமைட் இருக்கு, 1961, கர்ப்பிணிங்களுக்கு வாந்திக்கு குடுத்த மருந்து, கை கால் வளராம கொழந்தைங்க பொறந்துச்சு, ஆஸ்திரேலியால ஒரு டாக்டரும் ஜெர்மனில ஒரு டாக்டரும் சந்தேகப்பட்டு வாயத் தொறந்தாங்க. அதுக்கப்புறம்தான் 1968ல உலக சுகாதார நிறுவனம் நாடுகள சேத்து இந்த வேலைய ஆரம்பிச்சுது, நாம சேந்தது 1998ல, இப்ப இருக்கற திட்டம் 2010ல டெல்லி எய்ம்ஸ்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் காசியாபாத்துக்கு மாறுச்சு. இத நான் வருஷாவருஷம் போர்டுல எழுதுவேன், பசங்க வருஷாவருஷம் அஞ்சு மார்க்குக்கு எழுதுவாங்க. 2019 சிலபஸ்ல இருந்து எம்பிபிஎஸ் பசங்க ஃபார்ம் ரொப்பறதும் ப்ராக்டிகல்ல வந்துருச்சு, ரெக்கார்டு நோட்டுல கற்பனை பேஷண்டுக்கு கற்பனை தடிப்பு எழுதி கையெழுத்து வாங்கிடறான். அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு வார்டுல நெஜ தடிப்பு வருது, அப்ப ரெக்கார்டு நோட்டு பழைய பேப்பர் கடைல இருக்கு.

குன்னூர்_சிஸ்டர்

சார் எல்லாம் சரிங்க, நிரூபிக்க வேணாம் சட்ட சிக்கல் இல்லன்னு சொல்றது ஈஸி. 40 பேஷண்டுக்கு ரெண்டு பேர் இருக்கோம், நாலு பக்க ஃபார்ம் எப்பங்க எழுதறது?

மருந்தியல்_வாத்தியார்

அவ்ளோ பக்கமெல்லாம் இல்ல சிஸ்டர், எழுதறது ஒரே பக்கம்தான். ஆனா நீங்க கேக்கறது அது இல்லன்னு புரியுது. எங்க சென்டர்ல ஃபார்ம் வந்ததே நாங்க தினம் காலைல வார்டு வார்டா நடந்து "நேத்து யாருக்காச்சும் ஏதாச்சும் ஒத்துக்கலயா"ன்னு கேக்க ஆரம்பிச்சப்பறம்தான். பொட்டி வச்சோம், போஸ்டர் ஒட்டினோம், செப்டம்பர் 17ல இருந்து 23 வரைக்கும் மருந்து கண்காணிப்பு வாரம் கொண்டாடினோம், பொட்டில சாக்லேட் பேப்பர்தான் விழுந்துச்சு. நடந்தப்பறம்தான் ஃபார்ம் வந்துச்சு. நீங்க சொன்னதுதான், கேக்க ஆளு வேணும்.

கோத்தகிரி_மெடிக்கல்ஸ்

டாக்டர் நர்ஸ்னு பேசறீங்க, கடைக்காரன மறந்துட்டீங்க. மாத்திரை ஒத்துக்கலன்னா ஜனங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்கு போறதில்லங்க, டோக்கன் போட்டு பாதி நாள் கூலிய விடணும். என்கிட்டதான் வருவாங்க. "தம்பி அன்னைக்கு குடுத்தது சேரல, வேற குடு." நானும் வேற குடுத்துடுவேன். டி.பார்ம்ல இத பத்தி ஒரு பாரா படிச்சேன், ஃபார்ம கண்ணால பாத்ததில்ல. இருமல் கேஸ்ல நானும் குற்றவாளிதான், பனிக்காலத்துல இருமல்னு வந்தா பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களான்னு ஒருநாளும் கேட்டதில்ல, சிரப்ப எடுத்து கவுண்டர்ல வச்சுடுவேன். ஆம்லோடிபின்னு இன்னொரு பிரஷர் மாத்திரை சாப்பிட்டு கால் வீங்கி வர்றவங்களுக்கும் "நாள் பூரா சரிவுல நின்னா வீங்காதா"ன்னு நானே டயக்னோசிஸ் சொல்லிருக்கேன்.

இன்னொண்ணு இங்க யாரும் சொல்லல. நம்ம ஊர் தைலம். டூரிஸ்ட்காரங்க வாங்கறது போக நம்ம வீட்ல எல்லாத்துக்கும் தைலம்தான். என் கஸ்டமர் ஒருத்தர், ஹார்ட்ல வால்வு ஆபரேஷன் பண்ணி ரத்தம் ஒறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவர், மூட்டு வலிக்கு தினம் ரெண்டு வேளை வின்டர்கிரீன் தைலத்த அப்பி அப்பி தேச்சுருக்காரு, பல்லு ஈறுல ரத்தம் வருதுன்னு வந்தாரு. அந்த தைலத்துல இருக்கறது மெதில் சாலிசிலேட், தோல் வழியா உள்ள போயி வார்ஃபரின் வேகத்த ஏத்திடும். அவர உடனே அனுப்பி ரத்தம் டெஸ்ட் பண்ண வச்சேன், ஒறையற நேரம் எகிறி இருந்துச்சு. டாக்டர்கிட்ட அவர் தைலத்த சொல்லவே இல்ல, ஏன்னா அவருக்கு அது மருந்தே இல்ல. நீலகிரி தைலம் சக்கரைல சொட்டு விட்டு சளிக்கு கொழந்தைக்கு குடுக்கறதும் அப்படித்தான், உள்ள போனா வலிப்பு வரும்னு சொன்னா பாட்டிங்க என்ன அடிக்க வர்றாங்க. வாத்தியார் சார், இதெல்லாம் ஃபார்ம்ல எழுத எடம் இருக்கா?

மருந்தியல்_வாத்தியார்

இருக்குங்க. கூட சாப்பிட்ட மத்த மருந்துன்னு ஒரு கட்டம் இருக்கும், தானா வாங்கி சாப்பிட்டது, மூலிகை எல்லாம் அதுலதான். பெரும்பாலும் காலியா வர்ற கட்டம் அது. உங்க தைலம் கேஸ் அருமையான ரிப்போர்ட், இப்பவும் அனுப்பலாம், லேட்டு ஒண்ணும் இல்ல. கம்பெனி ரெப்கிட்ட சொன்னாலும் அது கணக்குல வரணும், 2016ல இருந்து கம்பெனிகளுக்கும் இதுக்குன்னு ஆள் வச்சு வாங்கி மேல அனுப்பணும்னு சட்டம் இருக்கு. ரெப் தலையாட்டிட்டு டார்கெட்ட பேச ஆரம்பிச்சுட்டா விட்டுட்டு நீங்களே போன் பண்ணிடுங்க.

கூடலூர்_காட்டுவழி

நான் டாக்டர் இல்ல நர்ஸ் இல்ல, கூடலூர் பந்தலூர் பக்கம் ஆதிவாசி ஊருங்கள்ல ஹெல்த் வேலை பாக்கறேன். எங்க பிரச்சனை வேற மாதிரிங்க. இங்க மருந்து ஒத்துக்கலன்னா சண்டை போட மாட்டாங்க, கேக்க மாட்டாங்க, மாத்திரைய கூரை எறவாணத்துல சொருகிட்டு பேசாம இருந்துடுவாங்க. அடுத்த மாசம் போயி சாப்பிட்டீங்களான்னு கேட்டா ம்ம்னு தலையாட்டுவாங்க. ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்ல அவங்க ஒழுங்கா மருந்து சாப்பிடாதவங்க, அவ்ளோதான், ஏன் சாப்பிடலன்னு யாரும் எழுத மாட்டாங்க.

டிபி மாத்திரைல ரிஃபாம்பிசின் சாப்பிட்டா மூத்திரம் செவப்பா ஆரஞ்சா போகும், அது பயப்பட வேண்டியது இல்ல. ஆனா மொத நாளே சொல்லணும். சொல்லாம விட்ட ஒரு வீட்ல, ரத்தம் போகுதுன்னு நெனச்சு ரெண்டே நாள்ல நிறுத்திட்டாரு, நாங்க கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆச்சு. அதுக்கு நேர் எதிரா, சிலருக்கு ரத்தத்துல ஜி6பிடி குறைபாடு இருக்கும், அவங்களுக்கு மலேரியாவுக்கு குடுக்கற ப்ரைமாக்வின், தொழுநோய்க்கு குடுக்கற டாப்சோன் மாதிரி குடுத்தா ரத்த அணு ஒடைஞ்சு மூத்திரம் கட்டன் சாயா (பால் விடாத டீ) நெறத்துல போகும், அது நெஜமாவே ஆபத்து, ஓடணும். ஆரஞ்சு வேற கட்டன் சாயா வேற, இத நான் ஊர்ல இப்படித்தான் சொல்லி குடுக்கறேன், ட்ரெய்னிங்ல குடுத்த நோட்டீஸ்ல "சிறுநீர் நிற மாற்றம்"னு ஒரே வரில முடிச்சுருந்தாங்க.

தூறல் தங்கச்சி, உங்க கேள்வித்தாள்ல எங்கள மாதிரி ஆளுங்களுக்கும், வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோற அக்காங்களுக்கும் ஒரு பக்கம் வைங்க. மொதல்ல அந்த இருமல கேட்டது அவங்க காதுதான்.

தூறல்_பார்ம்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாளா இத திரும்ப திரும்ப படிச்சுட்டு இருக்கேன். கூடலூர் அண்ணா சொன்னத கைடுகிட்ட கேட்டேன், சாம்பிள் லிஸ்ட்ட மாத்த முடியாது, எத்திக்ஸ்ல அப்ரூவ் ஆயிடுச்சுங்கறாங்க, ஆனா தனியா அவங்கள பாத்து பேசி பின்னாடி சேக்கலாம்னு சொல்லிருக்காங்க. வாத்தியார் சார், நீங்க சொன்ன மாதிரி இன்னைக்கு காலைல கேள்வித்தாள கீழ வச்சுட்டு ரெண்டு வார்டுல "நேத்து யாருக்காச்சும் ஏதாச்சும் ஒத்துக்கலயா"ன்னு மட்டும் கேட்டேன். ஒரு சிஸ்டர் உடனே மூணு பெட் நம்பர் சொன்னாங்க. மூணு! நேத்து அதே சிஸ்டர்தான் கேள்வித்தாள்ல இதுவரை ஏடிஆர் பாத்ததில்லன்னு டிக் அடிச்சது.

இருமல் அம்மாவோட ஃபார்ம எழுத உக்காந்துருக்கேன். டாக்டர்கிட்ட மெஃபினமிக் கதைய சொன்னேன், "சரி எழுது, நான் கையெழுத்து போடறேன்"ன்னுட்டார். இப்ப ஒரு சந்தேகம். விளைவு ஆரம்பிச்ச தேதின்னு ஒரு கட்டம் இருக்கு. அம்மாவுக்கு போன் பண்ணி கேட்டேன், "பூ கண்காட்சிக்கு முன்னாடி, மாரியம்மன் தேர் முடிஞ்சு"ன்னு சொல்றாங்க. மாத்திரை ஆரம்பிச்சது தேருக்கு முந்தின வாரமாம். தேதி என்ன போடறது?

குன்னூர்_சிஸ்டர்

கண்ணு, தேர் ஏப்ரல்ல, பூ கண்காட்சி மே மாசம். மாத்திரை அட்டை இருந்தா அத போட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, பேட்ச் நம்பரும் அதுல இருக்கும்.

மருந்தியல்_வாத்தியார்

நாள் தெரியலன்னா மாசமும் வருஷமும் மட்டும் போடு, போதும். தேர் திருவிழாவ கீழ விவரம் எழுதற எடத்துல அப்படியே எழுது, சென்டர்ல ஊர்க்காரன் எவனாச்சும் இருந்தா அவனுக்கு தேதியே தெரிஞ்சுடும். மாத்திரைய நிறுத்தினப்பறம் இருமல் கொறைஞ்சுதான்னு ஒரு கட்டம் இருக்கும், அத இப்ப தெரியலன்னு போட்டு அனுப்பிடு, ஒரு மாசம் கழிச்சு அம்மாகிட்ட கேட்டு திரும்ப சொல்லு.

தூறல்_பார்ம்டி

அத நேத்தே கேட்டேன் சார். இன்னும் இருமறாங்களாம், ஆனா பக்கத்து வீட்டுல சுவத்த தட்டலயாம்.